மஃரிப் பாங்கும் கோழிக்கூடும்

இலண்டனில் வாழும் ஊர் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். அவருடைய வீட்டுத் தோட்டத்தில் ஆசையோடு வளர்த்த நான்கு கோழிகளையும் ஒரே இரவில் நரி கொன்றுவிட்டதாம். தின்றது ஒன்றைத்தான், மற்ற மூன்றையும் கொன்று போட்டுவிட்டுப் போய்விட்டதாம். “பசிக்குத் தின்றால் பரவாயில்லை. இது என்ன கொடூரம்? உங்கள் உம்மா இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார்?” என்று கேட்டார்.

உம்மா என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். ஏனெனில் அதே கேள்வியை நானே ஒருநாள் அவரிடம் கேட்டிருக்கிறேன்.

எமது பழைய வீடு கல்முனைக்குடியில் கடற்கரைக்கு மிக அருகில் இருந்தது. கிடுகு வேலி அடைத்த வளவு. அங்கே கோழிகளுக்கு எதிரிகள் பகலில்தான் வருவார்கள். காகமும் பருந்தும் குஞ்சுகளைத் தூக்கும். கீரி வேலியின் அடியால் நுழையும். உடும்பு முட்டையைத் தேடி வரும். குஞ்சு பொரித்த கோழியைக் குஞ்சுகளோடு பெரிய கூடையால் கவிழ்த்து மூடிவைப்பதும், வானத்தில் நிழல் தெரிந்தால் “ஹோ” என்று குரல் கொடுப்பதுமே எமது பாதுகாப்பு ஏற்பாடுகள். சிறு பிள்ளைகளான எங்களுக்கு அதுதான் முதல் உத்தியோகம்.

முட்டை விற்ற காசு உம்மாவுக்கு உரியது. அதில் வாப்பாவுக்குப் பங்கில்லை. அவர் கணக்குக் கேட்டதுமில்லை. எனது பாடப் புத்தகங்களும், நான் பல்கலைக்கழகம் சென்றபோது கொண்டுசென்ற முதல் பயணப் பெட்டியும் அந்தக் காசில் வாங்கியவையே.

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களை அது கொண்டுபோனது. மனித உயிர்களை எண்ணி முடிக்க இயலாத அந்த நாட்களில் கோழிகளைப் பற்றி யார் பேசுவார்கள்? நானும் பேசவில்லை. ஆனால், மறுநாள் இடிபாடுகளுக்கு நடுவே நின்ற உம்மா, கூடு இருந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கவனித்தேன்.

பின்னர் ஊரின் மேற்குப் புறத்தில், வயல் வட்டையை அண்டிய ஒரு வீட்டில் குடியேறினோம். ஓராண்டு கழித்து உம்மா ஐந்து பேடுகளையும் ஒரு சேவலையும் வாங்கினார். அவை பத்தாகப் பெருகின. இழந்தவற்றில் எதையேனும் மீண்டும் தொடங்கலாம் என்று அவர் நம்பிய முதல் அடையாளம் அதுவே என்று இன்று நினைக்கிறேன்.

ஆனால், கடற்கரையில் நாம் அறிந்திராத ஒரு குரல் இங்கே இரவில் கேட்டது. வயலுக்கு அப்பாலிருந்து எழும் நரியின் ஊளை.

ஒரு விளக்கம் இங்கு தேவை. இலண்டன் நண்பரின் கோழிகளைக் கொன்றது செந்நரி. இலங்கையில் அந்த இனம் இல்லை. நாம் நரி என்று அழைப்பது பொன்னிறக் குள்ளநரி. நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய உறவு. வயல் எலி, நண்டு, தவளை, செத்த விலங்கு, பழம் என எது கிடைத்தாலும் தின்னும். கோழி அதற்கு அன்றாட உணவன்று. வாய்ப்புக் கிடைத்தால் மாத்திரமே.

அந்த வாய்ப்பைக் கொடுத்தவன் நான்.

உம்மா கடிகாரம் பார்த்துக் கூடு அடைத்ததில்லை. மஃரிப் பாங்கு ஒலித்ததும் வளவின் பின்புறம் செல்வார். கோழிகளை எண்ணுவார். எண்ணிக்கை சரியென்றால் “பிஸ்மில்லாஹ்” என்று கதவைச் சாத்தித் தாழிடுவார். பின்னரே தொழுகை. இருள் சூழும்போது கோழிக்குக் கண் தெரியாது. ஆகையால் அது தானாகவே கூடு திரும்பிவிடும். அந்தி பிந்தும் காலத்தில் பாங்கும் பிந்தும்; அந்தி முந்தினால் பாங்கும் முந்தும். வெளிச்சத்தை அறிந்து தானே மூடிக்கொள்ளும் கூட்டுக் கதவுகள் மேல்நாடுகளில் இப்போது விற்பனைக்கு வந்துள்ளன. அந்தக் கருவி செய்யும் வேலையை எமது ஊரில் பாங்கு செய்துகொண்டிருந்தது.

2007 மார்ச் மாதம். அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. போர் காரணமாகப் படுவான்கரையிலிருந்து பல்லாயிரக்கணக்கான மக்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்த நாட்கள். உம்மா அன்று ராத்தாவின் வீட்டில் தங்க நேர்ந்தது. புறப்படும்போது, “மஃரிபோட கூட்ட அடைச்சிரு மகன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பாங்கு சொல்லும்போது நான் கொழும்பிலுள்ள செய்தி ஆசிரியருக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு இன்னொரு அழைப்பு. ஒன்பது மணிக்கு மேல் நினைவு வந்து ஓடினேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. கை விளக்கும் இல்லை. இதற்குள் மீண்டும் தொலைபேசி மணி அடித்தது. ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

விடியற்காலையில் பலகை கீழே கிடந்தது. எட்டுக் கோழிகள் கூட்டுக்குள் இறந்து கிடந்தன. இரண்டைக் காணவில்லை. இறகுகள் வேலியின் இடைவெளி வழியாக வயல் வரைக்கும் சிதறியிருந்தன. ஈர மண்ணில் ஒடுங்கிய காலடிகள். கீரி என்றால் பகலில் வரும். இரண்டு கோழிகளைத் தூக்கிச் செல்லும் வலிமையும் அதற்கில்லை. தடயங்கள் யாவும் நரியையே காட்டின. ஆனால், ஒரு செய்தியாளனாக நான் நேர்மையாகத் தலைப்பிடுவதாயின், அந்தத் தலைப்பில் நரியின் பெயர் வந்திருக்கக் கூடாது.

தின்னாமல் கொன்றதே என்னை அதிகம் ஆத்திரப்படுத்தியது. இதற்கான விளக்கத்தை வெகு காலத்தின் பின்னரே படித்தேன். ஹான்ஸ் குரூக் என்னும் விலங்கியலாளர், தேவைக்கு மிஞ்சிக் கொல்லும் இந்த வழக்கத்தைப் பற்றி 1972 ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். காட்டில் ஒன்றைப் பிடிப்பதற்குள் ஏனையவை தப்பி ஓடிவிடும். ஆகவே, ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய தேவை வேட்டை விலங்குக்கு ஏற்படுவதே இல்லை. தப்பி ஓட முடியாத இரை கண்முன்னே படபடக்கும்போது, வயிறு நிறைந்தாலும் கொல்லும் தூண்டல் அடங்குவதில்லை. மிஞ்சியதைப் புதைத்து வைத்துப் பின்னர் உண்ணும் பழக்கமும் நரிக்கு உண்டு. இதில் வஞ்சமோ கொடூரமோ இல்லை.

இதிலிருந்து எனக்குப் புரிந்த உண்மை கசப்பானது. உறுதியற்ற கூடு, கூடே இல்லாமையைவிட ஆபத்தானது. முருங்கை மரத்தில் ஏறி உறங்கும் நாட்டுக்கோழியை நரி எட்டிப் பிடிக்காது. மரநாய் வந்தாலும் ஒன்று போனால் மற்றவை பறந்துவிடும். நானோ பத்துக் கோழிகளையும் ஓர் அறையில் அடைத்துவிட்டு, கதவை மட்டும் எதிரியிடம் ஒப்படைத்திருந்தேன்.

மச்சான் வந்து பார்த்தார். “ஒரு கோழிய அறுத்து, வயலுக்கு அடிக்கிற மருந்தத் தடவி வேலிக்கு வெளிய போடுவம் மச்சான். இன்டைக்கு இரவே கணக்கு முடியும்” என்றார். ஆத்திரத்தில் நானும் தலையசைத்தேன். அப்போதுதான் உம்மா வந்து சேர்ந்தார். இறந்த கோழிகளைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. தாழ்ப்பாளைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார்.

“நரி என்ன மகன் செய்யும்? அதுக்கும் பசி இருக்கு. கதவப் பூட்டாதது நாம. நஞ்ச வெச்சா நரிதான் திங்கும் எண்டு எழுதியா இருக்கு? பக்கத்து வளவுப் பூனையும் திங்கும், தெருநாயும் திங்கும். சின்னப் புள்ளைகள் விளையாடுற இடம்.”

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. மச்சானும் ஒரு விவசாயி. எலியைப் பிடிக்கும் நரியைக் கொன்றால் அடுத்த போகத்தில் என்ன நடக்கும் என்பதைப் பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

எட்டுக் கோழிகளையும் குழி தோண்டிப் புதைத்தோம். அடுத்த வாரம் புதிய கூடு செய்தோம். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் கால் நாட்டிய பலகைக் கூடு. கடைகளில் விற்கும் மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்குமேயன்றி, எதிரியை வெளியே வைத்திருக்காது. நாயும் நரியும் அதைக் கடித்துக் கிழித்துவிடும். ஆகையால், அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த கம்பிவலை வாங்கினோம். கீரியின் தலை நுழையும் இடைவெளியில் அதன் உடலும் நுழைந்துவிடும். பகலில் கோழிகள் மேயும் அடைப்பைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு வலையை வெளிப்புறமாக மடித்து மண்ணுக்குள் புதைத்தோம். தோண்டும் விலங்கு வேலியின் அடியிலேயே தோண்டத் தொடங்கும், வலை தடுத்தால் பின்வாங்கி இன்னோர் இடத்தில் தோண்ட அதற்குத் தெரியாது. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள்கள். மிஞ்சிய தீனியை இரவில் வெளியே விடுவதில்லை. அது எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும்.

அதன் பின்னர் நரிக்கு ஒரு கோழியும் போகவில்லை. காகத்துக்குச் சில குஞ்சுகள் போயின. அது வேறு கணக்கு.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் முட்டை விலை ஏறி, மறு ஆண்டு இந்தியாவிலிருந்து அரசாங்கம் முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தபோது, எமது ஊரில் பலர் மீண்டும் வீட்டில் கோழி வளர்க்கத் தொடங்கினார்கள். என்னிடம் வந்து வலையின் விலையைக் கேட்டவர்கள் பலர். கதவை யார் அடைப்பது என்பதை முதலில் தீர்மானியுங்கள் என்றே அவர்களுக்குச் சொன்னேன். இலண்டன் நண்பருக்கும் அதையே சொன்னேன். அவர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, அன்றிரவு விருந்துக்குப் போய்ப் பிந்தி வந்ததாக ஒப்புக்கொண்டார்.

உம்மா இப்போது இல்லை. கூடு இருக்கிறது. பலகைகளை இருமுறை மாற்றிவிட்டோம். மஃரிப் பாங்கு ஒலித்தால் கைத்தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். எந்தச் செய்தியானாலும் பத்து நிமிடம் காத்திருக்கும். ஒன்று, இரண்டு என்று எண்ணி, இரண்டு தாழ்ப்பாள்களையும் போட்டு, ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிவாசலுக்குப் புறப்படுகிறேன்.