நகையை அடகு வைக்கும் முன்...

திருக்கழுக்குன்றம் பக்கம் தர்பூசணி போடும் விவசாயி ஒருவர், ‘ஒரே மாதத்தில் ஹெவி லைசென்ஸ்’ என்ற புரோக்கரை நம்பி, மகனுக்காக நகையை அடகு வைக்கக் கிளம்பினார். நல்லவேளையாக, முதலில் செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்தார். லைட் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகாமல் ஹெவிக்கு எல்.எல்.ஆர். கூடக் கிடைக்காது, வயதும் 20 நிறைய வேண்டும். மகன் லைசென்ஸ் வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. நகை வீடு திரும்பியது.

சரக்கோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவுக்குள் அடங்கும் வண்டியை லைட் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மகன் இப்போது மினி லாரியில் கோயம்பேட்டுக்குப் பழம் கொண்டுபோகிறான். ஓராண்டு முடிந்ததும், சேர்த்த கூலியில் கும்மிடிப்பூண்டி ஐ.ஆர்.டி. பயிற்சி மையத்தில் சேரப்போகிறான்.

எங்கே சேர்ந்தாலும் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை மணி நேரம் ஸ்டீயரிங் கையில் தருவார்கள் என்றும் கேளுங்கள்.