பேட்டிக்கு என்ன உடுத்துவது?

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மகாநாடு கூடிற்று. தலைமை வகித்தவள் என் அம்மா. பிரதிநிதிகள்: என் அக்கா, எதிர் வீட்டு மாமி, நான். விவாதத்துக்கு உரியவளான அக்கா பெண் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். பி.காம். முடித்துவிட்டு, நவம்பரில் 'காட்' பரீட்சை எழுதிய அந்தப் பெண்ணுக்கு, பெங்களூரில் உள்ள நிர்வாகக் கல்லூரி ஒன்றிலிருந்து எம்.பி.ஏ. பேட்டிக்கு அழைப்பு வந்திருக்கிறது. அழைப்பில் உடையைப் பற்றி இரண்டே வார்த்தைகள்: 'ஃபார்மல் உடை'. ஆண்பிள்ளைகளுக்கு அது போதும். முழுக்கைச் சட்டை, பான்ட், கழுத்தில் ஒரு டை, காரியம் முடிந்தது. பெண்ணுக்கோ அந்த இரண்டு வார்த்தைகளுக்கு உரை எழுத ஒரு வீடே கூட வேண்டியிருக்கிறது!

"பட்டுப் புடவைதான் கட்டிக்கணும். பார்த்தவுடனே ஒரு மதிப்பு வரும்" என்றாள் அம்மா.

"பட்டா? பேட்டிக்குப் போகிறாளா, நிச்சயதார்த்தத்துக்குப் போகிறாளா? நல்ல சல்வார் ஒன்று போதும்" என்றாள் அக்கா.

"என் நாத்தனார் பெண் கோட்டும் பான்ட்டுமாகப் போனாள். உடனே இடம் கிடைச்சுடுத்து!" என்று மாமி ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டாள்.

"சித்தி, நீ சொல்லேன்" என்றது மூலையிலிருந்து ஒரு மெல்லிய குரல்.

அப்போதுதான், வாசக சகோதரிகளே, பதினைந்து வருஷங்களாக வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒரு கதையை நான் சொல்ல நேர்ந்தது.

பத்திரிகைத் தொழிலைக் கற்றுத் தரும் பள்ளி ஒன்றுக்கு நான் பேட்டிக்குப் போன கதை அது. அதற்காக அம்மா தன் இரண்டு வளையல்களை அடகு வைத்து, மயில்கழுத்து நிறத்தில் ஒரு காஞ்சிபுரம் பட்டு வாங்கினாள். அன்று விடியற்காலை நாலரை மணிக்கே என்னை எழுப்பிவிட்டாள். தலை வாரிப் பூ வைத்து, மடிப்பு மடிப்பாக எடுத்து, தோளில் ஒன்று, இடுப்பில் இரண்டு என்று ஊசி குத்தி, கண்ணாடி முன் நிறுத்தி மூன்று தரம் திருப்பிப் பார்த்தாள். நான் அதுவரை கல்லூரி ஆண்டு விழாக்களைத் தவிர வேறெதற்கும் புடவை கட்டியதே கிடையாது.

பேட்டி அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் மடிப்பு விரிந்தது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். மேஜை மேல் வைத்த மற்றக் கையில் வளையல்கள் கலகலவென்று சத்தமிட்டன. நடுவில் இருந்த அம்மாள் சிரித்த முகத்தோடு கேட்டார்: "இன்று காலைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் உங்களுக்கு முக்கியமாகப் பட்ட செய்தி எது?"

பத்திரிகையா? அது வாசற்படியில் மடித்தது மடித்தபடி கிடந்தது. நாலரை மணியிலிருந்து புடவை கட்டிக்கொண்டிருந்தவளுக்கு அதை எடுக்க ஏது நேரம்? நான் வாய் திறக்கவில்லை. இடமும் கிடைக்கவில்லை. மறு வருஷம் வேறொரு கல்லூரியில் சேர்ந்து படித்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

"ராசியில்லாத புடவை" என்று அம்மா அதைப் பீரோவின் அடித்தட்டில் போட்டாள். நானும் சும்மா இருந்துவிட்டேன். ராசி புடவையில் இல்லை என்று சொன்னால், வளையல் போன கையை யார் பார்ப்பது?

இப்போது சொல்லிவிட்டேன். கூடத்தில் ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் அவர் படித்தபோது, ஆண் மாணவர்கள் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் உட்கார வேண்டியிருந்ததாம். அதையும் தாண்டி 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். இன்று நமக்கு யாரும் திரை கட்டுவதில்லை. கட்டிய துணியையே திரையாக்கிக்கொண்டு நாமே அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாமா?

அதற்காக எதையாவது சுற்றிக்கொண்டு போகலாம் என்று நான் சொல்லவில்லை. புடவைதான் கௌரவம் என்பாருக்கு ஒரு வார்த்தை: வக்கீல் பெண்களுக்கான இந்திய பார் கவுன்சில் விதிகளே புடவை, சல்வார் குர்த்தா இரண்டுக்கும் இடம் கொடுக்கின்றன. கோர்ட்டுக்கு ஆகும் உடை கல்லூரிக்கு ஆகாதா?

எங்கள் வீட்டில் அன்று மாலையே ஒரு பரீட்சை வைத்தோம். அதற்கு 'நாற்காலிப் பரீட்சை' என்று பெயர். உடுத்திக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். நாற்காலியில் அரை மணி உட்கார வேண்டும். குனிந்து பையிலிருந்து மார்க் ஷீட்டை எடுக்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் எத்தனை தரம் கை தானாக உடையைச் சரி செய்யப் போகிறது என்று மற்றவர்கள் எண்ண வேண்டும்.

அக்காவின் கஞ்சி போட்ட கோவைக் காட்டன் புடவையில் பதினொரு தரம். பாவம், தலையில் குடம் வைத்தவள் மாதிரி நடந்தாள்! தினம் புடவை கட்டிப் பழகிய பெண்ணானால் ஒரு தரம் கூட ஆகியிராது. மாமி இரவல் கொடுத்த கோட்டில் ஏழு தரம். தோள் தொங்கிற்று, சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தது. அவளுடைய பழைய வெளிர்நீலப் பருத்திச் சல்வாரில், துப்பட்டாவைத் தோளில் ஊசி குத்தியபின், இரண்டே தரம். அதுவே தீர்மானமாயிற்று. செருப்பு, நாலு மாதம் போட்டுத் தேய்ந்தது. குதிகால் உயரமில்லை, நடந்தால் சத்தமில்லை. கையில் ஒரே ஒரு வளையல்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் இப்படி ஓர் அழைப்பு வந்தால், உடைக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் எந்த உடை மறந்து போகிறதோ, அதுதான் நல்ல உடை. மிச்ச நாட்களெல்லாம் கேள்விகளுக்கு. 'ஏன் இந்தப் படிப்பு?' என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று சாப்பாட்டு வேளையில் கேளுங்கள். அவள் படித்த பாடத்திலேயே ஒன்றை, பாட்டிக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள்.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது அக்கா பெண் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்திரிகையின் முதல் பக்கத்தைக் கையில் பிடித்திருந்தாள்.

"என்ன போட்டிருக்கான்னு பார்க்காமச் சொல்லு பார்ப்போம்" என்றாள், அவளிடம்.

என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் இரண்டாவது டம்ளர் காப்பி, எனக்காக, மூடி வைத்திருந்தது.