யார் கணக்கில்? புத்தளக் கரைக் குறிப்புகள்

தலைமை என்று ஒன்று இல்லாமல், பல மென்பொருள் முகவர்கள் மின்சாரத்தையோ கணினி நேரத்தையோ தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வது எப்படி என்று இப்போது நிறைய எழுதுகிறார்கள். நியாய விலையை யார் வைப்பது, ஏமாற்றுபவனை என்ன செய்வது என்பதெல்லாம் அதில் வரும் கேள்விகள். இலங்கையின் முந்தல், உடப்புப் பக்கத்து இறால் பண்ணைக்காரர்களுக்கு இது பழைய தலைவலி.

*

புத்தளம் களப்பையும் முந்தல் களப்பையும் சிலாபத்தையும் டச்சுக் கால்வாய் இணைக்கிறது. பண்ணைகள் நீர் எடுப்பதும் அதில்தான், கழிவை விடுவதும் அதில்தான். 1980களில் ஆளாளுக்குக் குளம் வெட்டினார்கள். பக்கத்துப் பண்ணைக்காரனின் மோட்டார் எதை உறிஞ்சும் என்று யாரும் யோசிக்கவில்லை. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து, வரிசையாகக் குளங்கள் காலியாகின.

நோய் வந்த குளத்தை முதலில் காட்டிக்கொடுப்பவை காகங்கள். சோர்ந்த இறால் கரையோரம் ஒதுங்கும், அதைப் பொறுக்க அவை கூடிவிடும். தீனித் தட்டைத் தூக்கினால் போட்டது போட்டபடி இருக்கும். தலை ஓட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் சுண்ணாம்புத் துளி போல வெள்ளைப் புள்ளிகள். மருந்து கிடையாது. அவசரமாகப் பிடித்து, கிடைத்த விலைக்கு விற்க வேண்டியதுதான். மிஞ்சிய தண்ணீரைக் குளோரின் போட்டு நிறுத்திவைக்காமல் கால்வாயில் திறந்துவிட்டால், விட்டவனுக்குச் செலவு மிச்சம்.

*

பொது வழியை ஆளாளுக்குப் பயன்படுத்தியதில் இணையத்திலும் இப்படி ஒரு வீழ்ச்சி நடந்தது. 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் அருகிலிருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. அந்த ஆய்வுக்கூடத்தின் வான் ஜேக்கப்சன் 1988இல் எழுதிய தீர்வு எளியது: அனுப்பிய தரவுப் பொட்டலம் தொலைந்தால், அனுப்பியவனே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நெரிசலை ஒரு விலையாகக் கொண்டால், அவரவர் தன் பாட்டுக்கு நடந்தாலும் பங்கீடு நியாயமாக அமைய முடியும் என்று 1998இல் கணிதவியலாளர் பிராங்க் கெல்லியும் உடன் எழுதியவர்களும் கணிதத்தில் காட்டினார்கள்.

அங்கே நஷ்டத்தின் செய்தி அனுப்பியவனிடமே திரும்பி வருகிறது. கால்வாயில் அது அடுத்தவன் குளத்துக்குப் போகிறது. இந்த ஒரு வித்தியாசம் போதும், கெல்லியின் விலை இங்கே வேலை செய்யாது.

*

அதனால்தான் இங்கே விலை வைப்பதற்குப் பதில் மாதத்தைப் பங்கிட்டார்கள். பண்ணைப் பகுதி மண்டலங்களாகவும் உப மண்டலங்களாகவும் பிரிந்தது. எந்த மண்டலம் எந்த மாதம் குஞ்சு விடலாம் என்பதற்கு ஒரு பயிர் நாட்காட்டி வந்தது. ஒரு பக்கம் வளர்க்கும்போது இன்னொரு பக்கம் குளம் காய்கிறது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை (நக்டா) மேலே இருந்தாலும், பேச்சும் கண்காணிப்பும் ஊர்ச் சங்கங்களில்தான். யார் குளத்தில் காகம் கூடுகிறது என்று கொழும்புக்குத் தெரியாது, பக்கத்து வரப்பில் நிற்பவனுக்குத் தெரியும்.

குறை ஒன்று உண்டு. எல்லா மாதமும் ஒரே மாதிரி இருக்காது. மழைக்காலத்தில் உப்பு இறங்கும், சந்தை விலையும் ஏறி இறங்கும். நல்ல மாதம் ஒரே மண்டலத்தில் தங்கிவிட்டால் நாட்காட்டி ஒழுங்காக இருக்கும், நியாயமாக இருக்காது.

*

கரைவலைக்காரர்களுக்கு இது தெரியும். வலை இழுக்கும் ஒரே கரைத்துண்டில், அதாவது ஒரே பாட்டில், பல வலை இருந்தால் முறை வைத்து, நல்ல நேரத்தையும் கெட்ட நேரத்தையும் சுற்றிவிடுவார்கள். ஆனால் சுற்றுக்கும் எல்லை உண்டு. தெற்கே மாவெல்லை என்ற மீனவக் கிராமத்தில் மானிடவியலாளர் பால் அலெக்சாண்டர் பார்த்த கதை அது. பொது வளங்களைப் பங்கிடுவது பற்றி 1990இல் வந்த தன் நூலில் எலினார் ஆஸ்ட்ரமும் அதைத் தோல்விகளின் பக்கம்தான் வைத்தார். முறை நுணுக்கமாகவே இருந்தது. புதிய வலைகள் சேர்வதைத் தடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். வலை கூடக் கூட ஒவ்வொருவர் முறையும் தள்ளிப்போனது, ஆள் கூலிக்கும் வலைச் செலவுக்கும் ஈடாக மீன் வரவில்லை.

முகவர் நிரல் எழுதுகிறவர்கள் ஏல விதிகளில் காட்டும் அக்கறையில் பாதியை வாசல் விதியில் காட்டலாம். உள்ளே எத்தனை பேர், புதியவனை யார் சேர்ப்பது? குஞ்சு விடும் அனுமதியைச் சங்கத்தின் வழியாக வைத்ததில் பண்ணைக்காரர்கள் அதற்கு ஒரு பதிலாவது வைத்திருக்கிறார்கள்.