விசுப்பலகை ஒன்று செய்தோம்

நாடாளும் முறை பற்றியும் நால்வருணக் கொடுமை பற்றியும் எழுத வேண்டிய ஏட்டிலே, விசுப்பலகை செய்த கதையை எழுதப் போகிறீர்களாமே என்று நண்பர் ஒருவர் நகைத்தார். நகைக்கட்டும். ஒருவன் எங்கே உட்காருகிறான் என்பதைப் பார்த்தே, அவன் சாதி என்ன, சம்பாத்தியம் என்ன, தலை நிமிர அவனுக்கு இடமுண்டா என்பதை எல்லாம் எடுத்துச் சொல்லிவிடும் நாடு இது. திண்ணை ஒருவனுக்கு, திண்ணைக்குக் கீழே தரை ஒருவனுக்கு, தெருவோரத்தில் கைகட்டி நிற்பது இன்னொருவனுக்கு! சென்னை மாகாணத்து இரயில் நிலைய உணவுச் சாலைகளிலே பார்ப்பனர்க்கென்று தனி இடம் ஒதுக்கி வைத்திருந்த கொடுமை, பெரியாரின் இடைவிடாத கிளர்ச்சிக்குப் பிறகு 1941-ஆம் ஆண்டிலேதான் ஒழிந்தது. ஒரே புகைவண்டியில் வந்து இறங்கியவர்கள், ஒரே பலகையில் உட்கார்ந்து உண்ண அத்தனை காலம் பிடித்தது. பலகை சிறிய பொருள் அன்று, நண்பரே!

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய சிற்றூர் ஒன்றிலே தோழர்கள் சிலர் படிப்பகம் நடத்துகின்றனர். பின்புறம் கையகலத் தோட்டம். ஒரு வேம்பு, இரண்டு முருங்கை, வேலியோரம் செம்பருத்தி. மாலையில் வேலைமுறை முடிந்து ஆலைகளிலிருந்து வருவோர் அங்கே கூடுவர். ஒடிசாவிலிருந்து வந்த இளைஞரும் உண்டு. இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் தம்பியும் உண்டு. எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்றவர்கள், இங்கும் நின்றுகொண்டே நாளேடு படிப்பதைக் கண்டோம். நின்று வேலை செய்வோர்க்கு, வாய்ப்பு நேரும்போதெல்லாம் அமர்ந்து இளைப்பாற இருக்கை வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 44-ஆம் பிரிவிலே வகுத்தது. ஆலைத் தொழிலாளிக்கு 1948-இல் எழுதிய சொல், துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாளெல்லாம் கால்கடுக்க நிற்கும் நம் தங்கையர்க்கு 2021-இல்தான் தமிழ்நாட்டுச் சட்டமாயிற்று. கேரளம் 2018-இலேயே செய்துவிட்டது. உட்காருவதற்கும் சட்டமா என்று வியப்போர், ஒருநாள் முழுதும் நின்று பார்த்துவிட்டு வியக்கட்டும்.

மரம் வாங்கப் பணமில்லை. ஆனால் தொழிற்பேட்டையிலே மரத்துக்குப் பஞ்சமில்லை. இயந்திர உறுப்புகளை ஏற்றிவரும் அடிமரத் தட்டுகள், உடைந்த பிறகு எடைக்கு எடை விறகு விலைக்குப் போகின்றன. அவற்றின் பக்கத்திலே கோதுமைக் கதிர் வரைந்த முத்திரை ஒன்று இருக்கும். அருகே ‘எச்.டி.’ என்றிருந்தால், மரத்தின் உள்வயிறுவரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் விடாமல் சூடேற்றியது என்று பொருள். ‘எம்.பி.’ என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சுவாயு ஊட்டியது, அதை ஒதுக்கிவிட்டோம். ஒரு நாட்டுப் பூச்சி மரத்துக்குள் ஒளிந்து மறுநாட்டுக் காட்டை அழித்துவிடக் கூடாது என்பதற்காக உலக நாடுகள் கூடி வகுத்த ஏற்பாடு இது. கடல் கடந்து திரும்பிய மனிதனுக்குத் தீட்டு என்று சொல்லிப் பஞ்சகவ்வியம் புகட்டிய நாட்டிலே, கடல் கடக்கும் மரத்துக்குச் செய்யும் இந்தத் தூய்மையையும் எண்ணிப் பாருங்கள். எதிலே அறிவிருக்கிறது?

தட்டுப் பலகைகள் நாலடிக்கு மேல் நீளமில்லை. நீளச் சட்டத்துக்கும் காலுக்கும் வேறு மரம் வேண்டும். பழைய மரக்கடையிலே, இடித்த வீடொன்றின் வேப்பமர நிலைவாசல் கிடைத்தது. ஆண்டாண்டாக மஞ்சளும் குங்குமமும் அப்பி, தோரணம் கட்டிய ஆணி இன்னும் அதில் துருவேறி நின்றது. எத்தனை பேரை உள்ளே விடாமல் காத்து நின்ற வாசலோ! நிமிர்ந்து நின்ற இரண்டு சட்டங்களும் ஆறடி நீளத்துக்கு இழைப்புளி பட்டன. மேற்கட்டையும் கீழ்ப்படியும் ஆறு கால்களாயின. கறையான் வேம்பை எளிதில் அண்டாது என்பது நமக்குக் கூடுதல் லாபம்.

கைத்திறன் காட்டிக் கொடுத்தவர் முதிய தச்சர் ஒருவர். நிலைவாசலை அறுக்க அவருடைய கை சற்றே தயங்கிற்று. “நல்ல நேரம் பார்த்தீங்களா தம்பி?” என்றார். நமக்கு ஓய்வு ஞாயிறு. வெயில் தணிவது நாலரை மணிக்கு. பஞ்சாங்கப்படி அதுதான் இராகுகாலத் தொடக்கம். “நாலரைக்கு நிழல் வருதுங்க ஐயா” என்றோம். சிரித்துக்கொண்டே வாளை எடுத்துவிட்டார். பிறகு பலகையின் முகம் கிழக்கா வடக்கா என்று கேட்டார். மாலை வெயில் முகத்தில் அடிக்கக் கூடாது, முதுகுப் பக்கம் வேம்பு நிற்க வேண்டும். இவ்வளவுதான் நம் மனையடி சாத்திரம்.

காலின் தலையை நாக்குப்போலச் செதுக்கி, சட்டத்தில் அதற்கேற்பத் துளையிட்டு, கொட்டாப்புளியால் தட்டி இறக்கினார். ஆணியை மட்டும் நம்பிய பலகை இரண்டு மழைக்காலத்தில் ஆடத் தொடங்கிவிடுமாம். தட்டுப் பலகையைப் பதினாறு அங்குலத் துண்டுகளாக அறுத்தோம். மூன்றரை அங்குல அகலத்தில் பத்தொன்பது துண்டுகள். சட்டங்களின்மீது குறுக்காக, கால் அங்குல இடைவெளி விட்டுப் பதித்தோம். ஐப்பசி மழையில் மரம் ஊறி அகலத்தில் பெருக்கும். இடைவெளி இல்லாவிட்டால் ஒன்றையொன்று நெருக்கி எழும்பிவிடும், நீரும் தேங்கும். கால்கள் மண்ணைத் தொடாதபடி ஒவ்வொன்றின் அடியிலும் கருங்கல் வைத்தோம்.

வாதம் எழுந்தது உயரத்திலேதான். பதினெட்டு அங்குலம் வழக்கமான அளவு என்றார் தச்சர். யாருடைய காலை அளந்த வழக்கம்? படிப்பகத்துக்கு வருவோரிலே உயரம் குறைந்தவர், உதிரி உறுப்பு ஆலையில் வேலை செய்யும் பெண். பதினெட்டு அங்குலப் பலகையில் அவருடைய கால் தரை தொடாது தொங்கிற்று. தொங்கும் கால் இளைப்பாறாது. அவருடைய முழங்காலை அளவாக வைத்துப் பதினாறு என்று முடிவு செய்தோம். நெடியவர்கள் காலைச் சற்று நீட்டிக்கொள்ளட்டும், அவர்களுக்கு நீட்ட இடமிருக்கிறது.

வண்ணம் பூசும் நேரத்திலே செலவை ஏற்க ஒருவர் முன்வந்தார். முதுகுச் சாய்வில் ‘உபயம்’ என்று எழுதி, பெயரையும் அதன் வாலாகச் சாதிப் பட்டத்தையும் பொறிக்க வேண்டுமாம். திருவள்ளூரும் பொன்னேரியும் அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்திலே, 1929 பிப்ரவரியில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டொழிக்கச் சொல்லித் தீர்மானம் செய்தது. அந்த மண்ணிலே, ஓராயிரம் ரூபாய்க்கு அந்த வாலை மீண்டும் ஒட்டவைப்பதா? பணத்தை நன்றியோடு திருப்பினோம். சாய்வும் வேண்டாம், வண்ணமும் வேண்டாம் என்று ஆளிவிதை எண்ணெய் தேய்த்து நிறுத்திக்கொண்டோம். சாய்வில்லாததால் இரு பக்கமும் உட்காரலாம் என்பது அதன் பிறகே தெரிந்தது.

முதல் மாலை, தோழர் ஒருவரின் தந்தை வந்தார். வாழ்நாளெல்லாம் பிறர் நிலத்தில் உழுதவர். பலகையில் மூவர் இருந்தனர், நாலாமவருக்கு இடமிருந்தது.

“உட்காருங்க ஐயா.”

“இருக்கட்டும்பா. நின்னே பழக்கம்.”

சொல்லும்போதே, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்புக்குக் கொண்டுபோனது அவருடைய கை. யாரும் அதட்டவில்லை, யாரும் கேட்கவில்லை. கைக்கு மட்டும் நினைவிருந்தது. உடன் வந்த பேத்தி, பள்ளிச் சிறுமி, ஏறி உட்கார்ந்து பக்கத்துப் பலகையைத் தட்டினாள். “தாத்தா, இங்க.” முதியவர் பலகையின் விளிம்பிலே பாதியாக அமர்ந்தார். சிறிது நேரம் கழித்து, நாளேட்டுச் செய்தியை அவள் உரக்கப் படிக்கத் தொடங்கியபோது, மறுபாதியும் பின்னுக்கு நகர்ந்தது. துண்டு தோளிலேயே கிடந்தது.

இரண்டாம் பலகைக்கு மரம் சேர்ந்துவிட்டது. அதைப் பேருந்து நிறுத்தத்திலே போட ஊராட்சிக்கு மனு எழுதியிருக்கிறோம். அதன் உயரமும் பதினாறு அங்குலம்.