சிங்கத்திற்கும் ஒரு ஸனது உண்டு



அரபு மொழியில் சிங்கத்தைக் குறிக்க நூற்றுக்கணக்கான சொற்கள் உண்டு. அவற்றுள் சில நம் வீடுகளில் அன்றாடம் ஒலிக்கின்றன. ஹைதர், அப்பாஸ், உஸாமா, அஸத் எல்லாம் சிங்கத்தின் பெயர்களே. எங்கள் மத்ரஸாவின் வருகைப் பதிவேட்டை விரித்தால் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று சிங்கங்களாவது இருக்கும். ஆயினும், அப்பெயர்கள் பிறந்த மண்ணில் இன்று காட்டுச் சிங்கம் ஒன்றுகூட இல்லை. அரேபியாவிலும் சிரியாவிலும் இராக்கிலும் அது மறைந்துவிட்டது. ஈரானில் இறுதியாகக் காணப்பட்டது 1940-களில். நான் வாழும் திருவண்ணாமலையிலோ சிங்கமுகம் கொண்ட யாளிகளைக் கோயிலின் கற்றூண்களில் காணலாம். பெயரும் சிற்பமும் நிலைத்துவிட்டன, உயிர்தான் அரிதாகிவிட்டது.

ஆசியா முழுவதிலும் காட்டுச் சிங்கம் எஞ்சியிருப்பது ஒரே ஒரு பகுதியில். அது குஜராத்தின் கிர் காடும் அதனைச் சூழ்ந்த நிலங்களும் ஆகும். அந்தக் காடு ஜுனாகத் நவாபுகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரர்கள் வட இந்தியா முழுவதும் சிங்கங்களைச் சுட்டுத் தீர்த்தபோது, நவாபுகள் தம் எல்லைக்குள் வேட்டைக்குக் கட்டுப்பாடு விதித்தனர். ஜுனாகத்தின் சக்கர்பாக் உயிரியல் பூங்கா 1863-இல் அவர்கள் காலத்தில் தோன்றியதே. இன்றும் கிர் சிங்கங்களைக் கூண்டில் வளர்த்துப் பெருக்கும் முதன்மையான இடம் அதுவே. சில பத்துகளாகச் சுருங்கியிருந்த அந்த இனம், 2020-இல் 674 ஆகவும் 2025-இல் 891 ஆகவும் பெருகியிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். அமானிதம் என்ற சொல்லின் பொருளை அந்தக் காட்டில் காணலாம்.

கூண்டுச் சிங்கங்களின் கதை வேறு. உலகின் பல பூங்காக்களில் 'ஆசியச் சிங்கம்' என்ற பலகையின் பின்னே இருந்தவை உண்மையில் எவை என்ற ஐயம் 1980-களில் எழுந்தது. ஸ்டீபன் ஓ'பிரையன் முதலிய ஆய்வாளர்கள் 1987-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு அதற்கு விடை தந்தது. அமெரிக்கப் பூங்காக்கள் பெருமையுடன் வளர்த்துவந்த ஆசியச் சிங்கக் கூட்டம் ஐந்து மூதாதைகளிலிருந்து பெருகியது. அந்த ஐந்தில் இரண்டு ஆப்பிரிக்க வழியில் வந்தவை. இந்தியாவிலும் இதே நிலைதான். சர்க்கஸ் கம்பெனிகள் கொண்டுவந்த ஆப்பிரிக்கச் சிங்கங்கள் நம் பூங்காச் சிங்கங்களுடன் கலந்தன. சண்டிகருக்கு அருகிலுள்ள சத்பீர் பூங்காவில் இத்தகைய கலப்பினச் சிங்கங்கள் ஏராளமாகப் பெருகின. பின்னர் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அவற்றின் இனப்பெருக்கத்தை நிறுத்தும்படி பணித்தது. ஆண் சிங்கங்களுக்குக் கருத்தடை செய்யப்பட்டது.

ஹதீஸ் பயின்றவர்களுக்கு இது பழகிய சிக்கல். ஒரு ஹதீஸுக்கு இரு பகுதிகள் உண்டு. ஒன்று மத்னு, அதாவது சொல்லப்படும் செய்தி. மற்றொன்று ஸனது, அதாவது அச்செய்தியைக் கைமாற்றித் தந்த அறிவிப்பாளர்களின் வரிசை. மத்னு எவ்வளவு அழகாயிருப்பினும், ஸனதில் அறியப்படாத ஒருவர் புகுந்துவிட்டால் அறிஞர்கள் நின்று யோசிப்பார்கள். பூங்காக்கள் பேணும் வம்சாவளிப் பதிவேடும் ஒரு ஸனதுதான். இந்தக் குட்டியின் தாய் யார், தந்தை யார், அவர்கள் எந்தக் காட்டிலிருந்து வந்தார்கள் என்று அது சொல்லும். வயிற்றின் அடியில் தொங்கும் தோல் மடிப்பும், காதுகளை மறைக்காத குறைந்த பிடரியும் ஆசியச் சிங்கத்தின் அடையாளங்கள் என்பார்கள். அவை மத்னு. அவற்றை மட்டும் நம்பி ஸனதைக் கவனியாது விட்டதன் விளைவே மேற்சொன்ன குழப்பம்.

இதனினும் ஆழமான கேள்வி மொரோக்கோவில் இருக்கிறது. வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலைகளில் வாழ்ந்த பார்பரிச் சிங்கம், கரிய நெடும் பிடரிக்குப் புகழ்பெற்றது. மொரோக்கோவில் அவ்வகையின் இறுதிச் சிங்கமாக அறியப்படுவது 1942-இல் டிஸி ந் டிஷ்கா கணவாயருகே சுடப்பட்டது. ஆனால் மலைவாழ் பெர்பர் குலத்தார் சுல்தான்களுக்குக் காணிக்கையாக அளித்த சிங்கங்கள் அரண்மனையில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவந்தன. மன்னர் இரண்டாம் ஹஸன் காலத்தில் அவை ரபாத் அருகே தெமாரா பூங்காவுக்கு மாற்றப்பட்டன. இன்று அவற்றின் வழித்தோன்றல்கள் ரபாத்திலும் ஐரோப்பியப் பூங்காக்களிலும் உள்ளன. இவற்றைக் கொண்டு அழிந்த துணையினத்தை மீட்கலாமா என்பது விலங்கியலாளரிடையே நீண்டகால விவாதம். அரண்மனையில் பிற நாட்டுச் சிங்கங்கள் கலந்திருக்கக்கூடும். மரபணுச் சோதனைகளும் ஐயத்தை முழுதாக நீக்கவில்லை. மத்னு கம்பீரமானது, ஸனதின் நடுவே ஓர் இடைவெளி.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றுண்டு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பூனையின வல்லுநர் குழு 2017-இல் சிங்கங்களின் வகைப்பாட்டைத் திருத்தி அமைத்தது. பார்பரிச் சிங்கமும், மேற்கு, நடு ஆப்பிரிக்கச் சிங்கங்களும், நம் கிர் சிங்கமும் ஒரே துணையினத்துள் அடங்கும் என்பது அதன் முடிவு. நாம் இழந்துவிட்டதாகக் கருதும் அட்லஸ் சிங்கத்தின் நெருங்கிய உறவு குஜராத்தில் உயிரோடு உலவுகிறது. மனிதன் வரைந்த எல்லைக்கோடுகளை மனிதனே மாற்றி வரைகிறான். பரம்பரையைப் பேணுவது கடமை. ஆனால் அதைப் பற்றிய நம் அறிவு முழுமையானது என்று எண்ணுவது அகந்தை.

சில ஆண்டுகளுக்கு முன் மத்ரஸா மாணவர்களை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டு, திண்டிவனம் வழியாகச் சென்றது எங்கள் வேன். சர்க்கஸ்களிலிருந்து மீட்கப்பட்ட சிங்கங்களுக்குப் புகலிடம் தந்த பூங்காக்களுள் அதுவும் ஒன்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கலப்பினம் என்பதையும் விளக்கினேன். உடனே ஒரு மாணவன், "அப்போ அது ஒரிஜினல் இல்ல, டூப்ளிகேட்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய தந்தை சில ஆண்டுகளுக்கு முன்னரே இஸ்லாத்தைத் தழுவியவர். பரம்பரைப் பெருமை பேசும் பிள்ளைகள் அவனை அவ்வப்போது சீண்டுவதை நான் அறிவேன். அவன் மெல்ல என்னிடம் வந்து கேட்டான். "ஹஜ்ரத், கலப்புன்னா அது சிங்கம் இல்லையா?"

"சிங்கம்தான் தம்பி. அதுக்கும் பசிக்கும், அதுக்கும் வலிக்கும். அதைப் படைச்சவனும் அதே அல்லாஹ்தான்" என்றேன்.

எல்லாப் பிள்ளைகளையும் மரத்தடியில் அமர்த்திப் பேசினேன். விலங்கின் வம்சாவளியை நாம் குறித்து வைப்பது அதற்குப் பட்டம் சூட்ட அன்று. ஒரு நிலத்துக்கென்று அல்லாஹ் அமைத்த இயல்பை அந்த நிலத்துக்காகக் காக்கவே. மனிதர்களின் மதிப்பை வம்சத்தால் அளக்க நமக்கு அனுமதியில்லை. அரபியருக்கும் அரபியரல்லாதாருக்கும் இடையே இறையச்சத்தாலன்றி உயர்வு தாழ்வு இல்லை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜின்போது அறிவித்துவிட்டார்கள். விலங்குகளின் பதிவேட்டிலிருந்து ஒரு சொல்லை எடுத்து மனிதர் மீது வீசுவது பெரும் பாவம். வேன் திரும்பியபோது அந்தப் பையனுக்கு ஜன்னலோர இருக்கையை மற்றவர்களே விட்டுக்கொடுத்தார்கள்.

கலப்பினச் சிங்கங்களின் இறுதிக்காலத்தை எண்ணும்போது கேரளத்தின் நெய்யாறு நினைவுக்கு வருகிறது. அங்கே 1984-இல் தொடங்கிய சிங்க உலாவிடத்தில் சிங்கங்கள் பெருகின; பின்னர் கருத்தடை செய்யப்பட்டன; ஒவ்வொன்றாக முதுமையடைந்து மடிந்தன. 2021-இல் இறுதிப் பெண் சிங்கமும் இறந்தது. இனப்பெருக்கத்தை நிறுத்தியதில் நியாயம் உண்டு. ஆனால் பெருக வேண்டாம் என்று முடிவு செய்யப்பட்ட உயிரும், உயிரோடிருக்கும் வரை நம் பொறுப்பிலேயே இருக்கிறது. ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் தராமல், தானே தேடித் தின்ன விடவும் செய்யாத பெண்ணின் முடிவை நாம் அனைவரும் ஹதீஸில் படித்திருக்கிறோம். அந்தப் பூனை எந்த வகையைச் சேர்ந்தது என்று அங்கே கேட்கப்படவில்லை. அடைத்தவர் மீது கடமை வந்துவிட்டது, அவ்வளவே. 2021 ஜூன் மாதத்தில் கொரோனா தொற்றுக்கிடையே வண்டலூரில் நீலா என்ற பெண் சிங்கமும் ஓர் ஆண் சிங்கமும் இறந்தன. கூண்டுக்குள் இருப்பவை நம் மூச்சுக் காற்றுக்கும் ஆளாகின்றன என்பதை அன்று உணர்ந்தோம்.

எனினும் இழந்த பின் மீட்பதைவிட, இழக்குமுன் காப்பதே எளிது. 2018-இல் கிர் பகுதியில் பரவிய நாய்க் கொள்ளை நோய்க் கிருமி, சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்களைக் கொன்றது. ஓரிடத்திலேயே முழு இனமும் இருப்பதன் ஆபத்தை உணர்ந்தே, சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு மாற்ற வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றுவரை ஒரு சிங்கமும் அங்கே செல்லவில்லை. மாறாக 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் அங்கே இறங்கின. நம் நாட்டில் வாழ்ந்து, அழிந்ததாக 1952-இல் அறிவிக்கப்பட்ட ஆசியச் சிவிங்கிப்புலி வேறு துணையினம்; அது இன்று ஈரானில் மட்டும் மிகச் சொற்பமாக எஞ்சியுள்ளது.

யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த பலர் ஷஹீதான பிறகே, அதை ஏட்டில் ஒன்றுதிரட்ட வேண்டும் என்ற அவசரம் ஸஹாபாக்களுக்குத் தோன்றியது. பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் ஒரே பிரதியோடு நிறுத்தாமல், பல நகரங்களுக்கும் பிரதிகளை அனுப்பினார்கள். இறைவேதத்தோடு விலங்கை ஒப்பிடவில்லை. பாதுகாக்கும் வழியை அவர்களிடமிருந்து கற்கலாம் என்கிறேன். மதிப்புமிக்க ஒன்று ஒரே இடத்தில் மட்டும் இருந்தால், அதைக் கைவசம் வைத்திருப்பவரின் பெருமை வளரும். அந்தப் பொருளின் பாதுகாப்பு வளராது. ஜுனாகத் நவாபுகள் அன்று காத்தது எந்த ஒரு மாநிலத்தின் சொத்துமன்று. அது அல்லாஹ்வின் படைப்பு. நம் பேரப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய அமானிதம்.

ஊர்ந்தும் பறந்தும் திரியும் உயிரினங்கள் யாவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்குர்ஆனின் ஆறாம் அத்தியாயம் உணர்த்துகிறது. நம் பிள்ளைகளுக்குச் சிங்கத்தின் பெயரைச் சூட்டும் நாம், அந்தச் சமுதாயத்தின் நலனையும் நம் துஆக்களில் சேர்த்துக்கொள்வோம். பூங்காவுக்குச் செல்லும்போது கூண்டின் மீது கல்லெறியாமலும் கூச்சலிடாமலும் இருக்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் உயிரின் ஹக்கையும் நிறைவேற்றும் மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.