கரிசக்காட்டில் ஹார்டி

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இங்கிலீஷ் இலக்கியத்தில் பி.ஏ. சேர்ந்ததற்குப் பெரிய காரணமெல்லாம் கிடையாது. கணக்கு வராது, சயின்ஸ் குரூப் எடுக்கவில்லை, இங்கிலீஷ் படித்தால் எங்கேயாவது வேலை கிடைக்கும் என்று வீட்டில் நம்பினார்கள். கோவில்பட்டியில் 1966இல் ஜி. வெங்கடசாமி நாயுடு கல்லூரி வந்திருந்தது. பாளையங்கோட்டையில் விடுதிக்குப் பணம் கட்ட வழியில்லாத சம்சாரி வீட்டுப் பிள்ளைகளும், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் பட்டப்படிப்பு என்ற ஒன்றை நினைத்துப் பார்க்கத் தொடங்கியிருந்த காலம் அது. காலையில் வேப்பங்குச்சியோடு ஆட்டைப் பத்திவிட்டு, பழையது குடித்து, டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் இறங்கினால் முதல் மணி மில்டன்.

பாதி வகுப்பு தமிழில்தான் நடக்கும். அது குறை என்று பின்னாளில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் பேராசிரியர் ஒரு பத்தியை முதலில் இங்கிலீஷில் வாசிப்பார். குரல் ஏறி இறங்கி வரும்போதே பாதி புரிந்துவிடும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுக் கதையாகத் தமிழில் சொல்வார். கைடு வாங்கிப் படித்தால் பாஸாகலாம். அவர் வாசிப்பைக் கேட்டவர்களுக்குத்தான் புத்தகத்தின் மேல் ஆசை வந்தது.

இந்தப் படிப்பின் பூர்வீகம் எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப்பாடமானது 1894இல், கேம்பிரிட்ஜில் 1917இல். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்னாலேயே, 1835க்குப் பிறகு, அது நம் நாட்டுப் பள்ளி, கல்லூரிகளில் பாடமாகிவிட்டது. நம்மை ஆள்வதற்கு ஏற்ற ஆட்களாக வார்க்கத்தான் கொடுத்தார்கள். எட்டயபுரத்துப் பாரதி அந்த இங்கிலீஷ் படிப்பைத் தன் சுயசரிதைப் பாட்டில் மனம் வெந்து சாடியிருக்கிறார். அதே பாரதிதான் ‘ஷெல்லிதாசன்’ என்று பெயர் வைத்துக்கொண்டதும். எங்கள் ஊரிலிருந்து ஒரு கூப்பிடு தூரம் எட்டயபுரம். அந்த இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்ததை எங்களால் சுலபமாகப் புரிந்துகொள்ள முடிந்தது.

நாவல் தாளில் தாமஸ் ஹார்டியின் ‘தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்’ இருந்தது. 1886இல் வந்த புத்தகம். அதை அப்போதே முழுசாகப் படித்தேன். காரணம் எங்க அய்யா.

அறுப்புக் காலத்தில் ராத்திரி களத்துக் காவலுக்கு அவரோடு நானும் போவேன். கம்பும் சோளமும் குவிந்து கிடக்கும். மல்லி வாசம். தூக்கம் வராமலிருக்க அவருக்குக் கதை வேண்டும். அல்லி அரசாணி மாலை, காத்தவராயன் எல்லாம் அவருக்கே பாடம். ‘காலேசுல என்னதான்யா சொல்லித் தர்றாக, அதச் சொல்லு’ என்பார். அப்படித்தான் ஹார்டி எங்கள் களத்துக்கு வந்தார்.

குடிவெறியில் பெண்டாட்டியையும் பிள்ளையையும் சந்தையில் ஏலம் போட்ட ஹென்சார்ட், பிறகு குடியை விட்டு, தானிய வியாபாரத்தில் உயர்ந்து ஊருக்கே மேயரான கதையை அய்யா உம் கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹென்சார்ட் ராத்திரியோடு ராத்திரியாக, முகத்தை மூடிக்கொண்டு, மழைக்குறி சொல்கிறவன் குடிசைக்குப் போகும் இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அறுப்பு நேரத்தில் அடைமழை என்று குறிகாரன் சொல்கிறான். விலை ஏறும் என்று ஹென்சார்ட் அகப்பட்ட தானியத்தையெல்லாம் வாங்கிக் குவிக்கிறான். வானமோ வெளுத்துவிடுகிறது. கடன் நெருக்க, அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறான். அவன் விற்ற பிற்பாடு மழை பிடிக்கிறது.

‘சோளமா, கோதுமையா?’

‘கோதுமை.’

‘மூட்டை என்ன விலைக்குப் போச்சு?’

அது புத்தகத்தில் எனக்குப் பிடிபடவில்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘ஏன்யா, அந்த ஊருல வெள்ளாமை போச்சுன்னா வெளியூருத் தானியம் வராதாக்கும்? வந்தா வெல எப்பிடி ஏறும்?’ என்று கேட்டார்.

பின்னாளில் ஹார்டி அந்த நாவலுக்கு எழுதிய முன்னுரையைப் பார்த்தபோது, அய்யாவின் கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. தானியச் சட்டங்கள் 1846இல் நீக்கப்படுவதற்கு முந்தைய இங்கிலாந்தின் கதை அது. வெளிநாட்டுத் தானியம் தாராளமாக வந்து சேராத காலம். ஒரு வட்டாரத்தில் மழை கெடுத்தால் அங்கே ரொட்டி விலையே மாறும். கைடில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஹென்சார்ட்டின் குணமே அவனை அழித்தது என்று பதினைந்து மார்க்குக்கு விடை இருந்தது. குணமும் உண்டுதான். ஆனால் மானாவாரிச் சம்சாரி வானத்தையும் கமிசன் கடை விலையையும் விட்டுவிட்டு எந்த மனுசனின் விதியையும் யோசிக்க மாட்டான். மழை வருமுன்னேயே புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வடகிழக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஹென்சார்ட்டின் சூதாட்டம் புதிதா என்ன? அரைகுறை மழையில் முளைத்துக் கருகினால் மறுவிதைப்புக்கு அதே கடைக்காரரிடம்தான் கை நீட்ட வேண்டும்.

கடைசியில் ஹென்சார்ட் எல்லாம் போய், ஒரு பாழ்குடிசையில் சாகிறான். அவனிடம் கூலிக்கு இருந்து அவமானப்பட்ட விட்டில் என்கிற ஏழைதான் துணைக்கு இருக்கிறான். தன் தாய்க்கு ஒருகாலத்தில் ஹென்சார்ட் உதவியதை அவன் மறக்கவில்லை. அதைச் சொன்னபோது அய்யா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ‘வெள்ளைக்காரன்லயும் நம்மள மாதிரி ஆளு இருக்காம்யா’ என்றார்.

இடைசெவல் எங்களுக்குப் பக்கம். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அந்த மண்ணில் பிறந்தவர்கள். கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வந்தது. வகுப்பில் ஹார்டியின் வெசெக்ஸ் வட்டாரத்தைப் படித்துவிட்டு ராத்திரியில் அதைப் படித்தேன். ஹார்டி, கி.ரா. இரண்டு பேரும் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெறாதவர்கள், பேச்சைக் காதால் வாங்கியவர்கள். கி.ரா. 1982இல் கரிசல் வழக்குச் சொற்களுக்கு அகராதியே போட்டுவிட்டார். இங்கிலீஷ் பாடம் எனக்குச் செய்த பெரிய உபகாரம், என் மண்ணை எழுத்தாகப் பார்க்க வைத்தது. கோவில்பட்டி காந்தி மைதானத்தில் ராத்திரி வெகுநேரம் இலக்கியம் பேசிக்கொண்டிருந்த இளைஞர்களில் சிலர் பிறகு தமிழில் பெரிய பெயர்களானார்கள். மாஸ்கோவில் அச்சான செகாவும் கார்க்கியும் டீக்காசு விலைக்குக் கிடைத்தார்கள். 1991இல் சோவியத் போனதோடு அதுவும் நின்றது.

இப்போது அந்தப் பக்கம் போனால் கம்பு, சோளம் இருந்த புஞ்சைகளில் மக்காச்சோளம். மிஷின் வந்து உதிர்த்து, அன்றைக்கே லாரியில் ஏற்றுகிறார்கள்; களத்துக் காவல் என்ற வேலையே இல்லை. இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிற பிள்ளைகள் முன்னைவிட அதிகம், அதிலும் பெண்பிள்ளைகள். எங்களைவிட நன்றாகப் பேசுகிறார்கள். அவர்கள் வீட்டில் இதையெல்லாம் கேட்க யாருக்காவது பொழுது இருக்க வேண்டுமே என்று கவலைப்படுகிறேன். நானும் அந்தப் புத்தகத்தைப் பற்றி எத்தனையோ படித்தவர்களோடு பேசியிருக்கிறேன். அய்யா போன பிறகு, மூட்டை என்ன விலைக்குப் போச்சு என்று யாரும் கேட்டதில்லை.