சிவப்பு மணிகள்

திட்டவிலக்கம் கணக்கிடத் தெரிந்த மாணவனும், நேற்று சதமடித்த மட்டையாளர் இன்று பூஜ்யத்தில் ஆட்டமிழந்தால் அதற்கொரு காரணம் தேடத் தொடங்கிவிடுகிறான். கரும்பலகையில் எழுதும் சூத்திரங்களால் இந்தப் பழக்கத்தை அசைக்க முடிவதில்லை. தற்செயலைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். அதற்கு நானறிந்த சிறந்த வழி, அமெரிக்கப் புள்ளியியலாளர் டபிள்யூ. எட்வர்ட்ஸ் டெமிங் தன் கருத்தரங்குகளில் நடத்திய சிவப்பு மணிச் சோதனை.

1950ல் ஜப்பானியத் தொழில்துறையினருக்குத் தரக் கட்டுப்பாடு கற்பித்தவர் டெமிங். அவரது சோதனை மிக எளியது. ஒரு பெட்டியில் வெள்ளை மணிகளும் சிவப்பு மணிகளும் கலந்திருக்கும். ஐந்தில் ஒன்று சிவப்பு. 50 குழிகள் கொண்ட சிறு துடுப்பை உள்ளே அமிழ்த்தி எடுக்கவேண்டும். வெள்ளை நல்ல சரக்கு, சிவப்பு பழுது. பார்வையாளர்களில் ஆறு பேர் தொழிலாளர்கள், டெமிங்தான் மேலாளர். குறைவாகச் சிவப்பு எடுத்தவருக்குப் பாராட்டு, அதிகம் எடுத்தவருக்குக் கண்டிப்பு. இறுதியில், பின்தங்கிய மூவருக்கு வேலை போய்விடும்.

பாசிமணிகளைக் கொண்டு நானும் இதை வகுப்பில் செய்வதுண்டு. முதல் சுற்றில் எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டாம் சுற்றில் சிரிப்பு குறைந்துவிடும். 15 சிவப்பு எடுத்துத் திட்டு வாங்கிய பெண், அடுத்த முறை துடுப்பை மெல்லச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பாள். 8 வந்துவிட்டால் தன் நுணுக்கம் பலித்ததென்று அவள் நம்புவாள். தன் கண்டிப்பு பலித்ததென்று மேலாளர் நம்புவார். உண்மையில் நடந்தது, உச்சத்துக்குப் போன ஓர் எண் சராசரியின் பக்கம் திரும்பியது மட்டுமே.

பிறகுதான் கணக்கு. சராசரி 10, திட்டவிலக்கம் ஏறத்தாழ 2.8. எவர் எடுத்தாலும், எத்தனை கவனமாக எடுத்தாலும், 2 முதல் 18 வரை எதுவும் வரலாம். இந்த எல்லையைத் தாண்டி ஒரு புள்ளி விழுந்தால் காரணத்தைத் தேடத்தான் வேண்டும். அதற்குள் இருக்கும்வரை, சிவப்பைக் குறைக்கப் பெட்டிக்குள் போகும் மணிகளை மாற்றவேண்டும். அது மேலாளரின் வேலை.

இருபது பேர் எழுதிய தேர்வில் தேர்ச்சி விகிதம் சற்று இறங்கியதற்கு ஓர் ஆசிரியரை எழுந்து நிற்கவைத்து விளக்கம் கேட்கும் கூட்டங்களில், எனக்கு இந்தப் பெட்டிதான் நினைவுக்கு வரும்.

திட்டு வாங்கியவர்கள் கணக்கைக் கண்டதும் நிம்மதியடைகிறார்கள். பாராட்டுப் பெற்றவர்கள்தான் அதை ஏற்கத் தயங்குகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் பின்தங்கி நின்று கேட்பதுண்டு: "கொஞ்சமாவது என் கைத்திறன் இருந்திருக்காதா?"